கேரேஜ் அஸ்திவாரச் சுவருக்கும் தளத்துக்கும் இன்சுலேஷன்: வெளியே, உள்ளே, அடியில் எதை முதலில் செய்வது?

குளிர் பிரதேசத்தில் கான்கிரீட் பிளாக் அஸ்திவாரத்தின் மேல் கேரேஜ் கட்டப் போகிறவர்களும், ஏற்கெனவே கட்டிவிட்டு உள்ளே நிற்க முடியாமல் விறைப்பவர்களும் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த ஃபோம் வாங்கலாம்?" என்பதுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். இந்த கேரேஜைச் சூடாக்கப் போகிறீர்களா, சூடாக்குவதென்றால் குளிர்காலம் முழுக்கவா, இல்லை வேலை இருக்கும் நாளில் சில மணி நேரம் மட்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதே ஃபோம் பலகையை அதே சுவரில் உள்ளே ஒட்டுவதா வெளியே ஒட்டுவதா என்பது இந்தப் பதிலைப் பொறுத்து முழுசாக மாறும். அடுத்ததாக, எதைப் பிறகு செய்துகொள்ளலாம், எதை இப்போது விட்டால் எப்போதும் செய்ய முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்சுவரில் பலகை ஒட்டுவதை ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம். தளத்துக்கு அடியில் போட வேண்டியதைக் கான்கிரீட் விழுந்த பிறகு நினைத்துப் பயனில்லை. பணம் குறைவாக இருக்கும்போது எங்கே செலவு செய்வது என்பதை இந்த ஒரு விஷயமே பாதி தீர்த்துவிடும்.

பிளாக் சுவர் தானாக எவ்வளவு தடுக்கும்?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு ஆர்-மதிப்பு, எண் கூடக் கூடத் தடுப்பும் கூடும். 8 அங்குல ஹாலோ பிளாக்கின் ஆர்-மதிப்பு 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். சுவரின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தையும் சேர்த்துக்கொண்டால் சுமார் 2 என்று வைத்துக்கொள்ளலாம். (இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்க அளவு முறையில் வரும் ஆர். மெட்ரிக் மதிப்பு வேண்டுமென்றால் 5.68-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.) 4 அங்குலக் கான்கிரீட் தளம் இன்னும் மோசம், அதன் ஆர் அரைக்கும் கீழே. சுவர் தடிமனாக, கனமாக இருப்பதைப் பார்த்து குளிர் உள்ளே வராது என்று நம்பிவிடுகிறோம். கனம் என்பது சூட்டைச் சேமித்து வைக்கும் குணம், தடுக்கும் குணம் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டருக்கு 7 மீட்டர் கேரேஜ், அதில் 5 மீட்டர் பெரிய கதவுக்குப் போய்விடுகிறது, மீதி 21 மீட்டர் சுற்றளவில் பிளாக் சுவர் தரைக்கு மேல் 40 செ.மீ. தெரிகிறது. உள்ளே 10 டிகிரி, வெளியே மைனஸ் 15. இந்தச் சின்னப் பட்டையிலிருந்து மட்டும் சுமார் 600 வாட் வெளியே போகும். அதன்மேல் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ். (ஒரு வகைக் கெட்டி ஃபோம்) பலகை, அதாவது ஆர் 10 சேர்த்தால் 100 வாட்டாக இறங்கிவிடும். இன்னொரு 2 அங்குலம் சேர்த்தால்? 55 வாட். முதல் இரண்டு அங்குலம் 500 வாட்டை நிறுத்துகிறது, அடுத்த இரண்டு அங்குலம் 45 வாட்டைத்தான் நிறுத்துகிறது. அதனால் ஒரே இடத்தில் 4 அங்குலம் அடுக்குவதைவிட, அந்தக் காசில் விட்டுப்போன இன்னோர் இடத்தை மூடுவது எப்போதும் லாபம்.

பிளாக்கின் பொந்துகளுக்குள் பெர்லைட், வெர்மிகுலைட் போன்ற லேசான கனிமத் துகள்களைக் கொட்டி நிரப்பினால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். பொந்துகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் குறுக்குத் தடுப்புகள் வழியாகச் சூடு தாராளமாகக் கடந்து போகும். பொந்தை எவ்வளவு நல்ல பொருளால் நிரப்பினாலும் அந்தத் தடுப்புகளை ஒன்றும் செய்ய முடியாது. பிளாக்கின் மதிப்பு இரட்டிப்பானாலே பெரிய விஷயம், அப்போதும் அரை அங்குல ஃபோம் அளவுகூட அது தேறாது. பழைய கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் இருந்த சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. அதற்கு முன் கட்டிய பிளாக் சுவரில் துளை போடும்போது பழுப்பாக, மினுமினுப்பாகச் சரளை போல ஏதாவது கொட்டினால் வேலையை அங்கேயே நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூட்டிப் பெருக்க வேண்டாம்.

பொந்துகள் இன்னொரு வேலையும் செய்யும். கீழிருந்து உச்சி வரை நேராக ஒன்றன்மேல் ஒன்று நிற்பதால், மேல் வரிசை திறந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று புகைபோக்கியில் ஏறுவது போல ஏறிக்கொண்டே இருக்கும், ஈரத்தையும் கூடவே எடுத்துப் போகும். ஆகவே உச்சி வரிசை கெட்டி பிளாக்காக இருக்கட்டும், அல்லது கலவையால் நிரம்பியிருக்கட்டும். அதன்மேல் கேரேஜ் சுவரின் மரச்சட்டம் உட்காரும் இடத்தில் ஃபோம் கேஸ்கெட் பட்டை ஒன்று போடுங்கள். எந்தப் பக்கம் இன்சுலேஷன் போடுவதாக இருந்தாலும் இது முதல் வேலை, செலவும் சொற்பம்.

வெளிப்பக்கம் ஒட்டுவது

புதிதாகக் கட்டுகிறீர்கள், குழி இன்னும் திறந்துதான் இருக்கிறது, கேரேஜைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைக்கப் போகிறீர்கள் என்றால் நான் யோசிக்காமல் வெளிப்பக்கத்தைத்தான் சொல்வேன். பிளாக் முழுக்கச் சூட்டின் பக்கம் வந்துவிடும், அது உறைந்து உருகி உதிர்வது நின்றுவிடும். வெளியே பூசிய ஈரத்தடுப்புப் பூச்சை மண் நிரப்பும்போது கற்கள் கீறாமல் பலகை காப்பாற்றும். மரச்சட்டச் சுவரில் வெளிப்பக்கம் இன்சுலேஷன் போட்டிருந்தால் அதோடு ஒரே கோடாக இணைந்து, ஃபுட்டிங்கிலிருந்து (சுவருக்கு அடியில் இருக்கும் அகலமான கான்கிரீட் பாதம்) கூரை வரை இடைவெளி இல்லாமல் போகும்.

உறைபனி அதிகம் உள்ள இடங்களில் இதற்கு இன்னொரு பலன் இருக்கிறது, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஈர மண் உறையும்போது பிளாக்கின் சொரசொரப்பான பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு உப்பி மேலே எழும்பும்போது மேல் வரிசைகளையும் சேர்த்துத் தூக்கும். ஹாலோ பிளாக் சுவர் எடை குறைவானது, கலவை மூட்டில் இழுவையைத் தாங்காது. ஃபுட்டிங் சரியான ஆழத்தில் அசையாமல் இருக்க, நடு வரிசையில் படுக்கை வாட்டத்தில் விரிசல் ஓடுவது இதனால்தான். சூடாக்காத கேரேஜில் இந்த ஆபத்து கூடுதல். வெளியே வழுவழுப்பான பலகை நின்றால் மண்ணுக்குப் பிடிப்பு கிடைப்பது குறையும். கூடவே சுவரை ஒட்டி நீர் வடியும் ஜல்லியையோ மணலையோ நிரப்ப வேண்டும். களிமண்ணையே திரும்பத் தள்ளி மூடினால் என்ன ஒட்டினாலும் உதவாது.

சரி, கஷ்டங்கள் என்ன? தரைக்கு மேல் தெரியும் பகுதியை வெயில் அரிக்கும், புல்வெட்டி இடிக்கும். ஃபைபர் வலை வைத்துச் சிமெண்ட் பூச்சோ, சிமெண்ட் போர்டோ, தகடோ கட்டாயம் வேண்டும். மேல் விளிம்பு மரச்சுவரைவிட வெளியே துருத்தி நிற்கும், அங்கே மழைநீர் உட்காராமல் வளைத்த தகடு ஒன்று சொருக வேண்டும். புதுக்கட்டடம் என்றால் 6 அங்குல மரச்சட்டத்தை பிளாக்கிலிருந்து வெளிப்புறமாகச் சற்று நீட்டி வைத்தால் இந்தத் துருத்தல் தெரியவே தெரியாது. எவ்வளவு நீட்டலாம் என்பதை வரைபடம் போட்டவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பெரிய கவலை கரையானும் எறும்பும். அவை ஃபோமைத் தின்பதில்லை, ஆனால் அதற்குள் வழி போட்டு, கண்ணில் படாமல் மரம் வரை ஏறிவிடும். கரையான் அதிகமுள்ள பகுதிகளில் மண்ணுக்கடியில் ஃபோம் வைப்பதற்கே கட்டட விதிகளில் கட்டுப்பாடு இருக்கலாம், அதை முதலில் விசாரியுங்கள். பூச்சியைத் தடுக்கும் போரேட் உப்பு கலந்த ஃபோம் கிடைக்கிறது. அல்லது ராக்வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை போடலாம். அங்குலத்துக்கு ஆர் 4 தரும், தண்ணீரைத் தேக்காமல் வடித்துவிடும், பூச்சி வழி போடாது. என்னைக் கேட்டால் பூச்சித் தொல்லை உள்ள இடத்தில் வெளிப்பக்கத்துக்கு ராக்வூல்தான் முதல் தேர்வு.

ஏற்கெனவே கட்டிய கேரேஜ் என்றால் ஃபுட்டிங் வரை தோண்ட வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். சுற்றி 60 செ.மீ. ஆழம் தோண்டி அதுவரை பலகையை இறக்கினாலே பெரும்பகுதி இழப்பு நிற்கும், ஏனென்றால் சூடு அதிகம் தப்பிப்பது தரைமட்டத்தை ஒட்டிய அந்தப் பட்டையில்தான். ஆழம் போகப் போக மண்ணே ஓரளவு தடுப்பாகிவிடும். இன்னும் கொஞ்சம் பலன் வேண்டுமென்றால் பள்ளத்தின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒரு பலகையைப் படுக்கையாக, வெளியே சாய்ந்த வாட்டத்தில் போட்டு மண்ணை மூடலாம். உறைபனி ஃபுட்டிங் பக்கம் இறங்குவதை அது தடுக்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கும் முறை இது. ஆழம் குறைந்த ஃபுட்டிங்கை இப்படிக் காப்பாற்றுவதற்கு அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 2001-இல் ஏ.எஸ்.சி.இ. 32 என்று தனித் தரநூலே வெளியிட்டது.

உள்பக்கம் ஒட்டுவது

வார இறுதியில் மட்டும் சூடாக்கும் பட்டறையா? அப்படியானால் உள்பக்கம்தான். காரணம் எளிது. வெளியே இன்சுலேஷன் போட்டால் அடுப்பைப் பற்றவைத்ததும் முதலில் பிளாக்கையும் தளத்தையும் சூடாக்க வேண்டும். அந்த 6-க்கு 7 மீட்டர் கேரேஜின் 10 செ.மீ. தளம் மட்டும் சுமார் 10 டன் எடை. அதை ஒரே ஒரு டிகிரி ஏற்றவே ஏறக்குறைய 2.5 யூனிட் மின்சாரம் வேண்டும், பத்து டிகிரி ஏற்ற 25 யூனிட். அது சூடாகி முடிப்பதற்குள் உங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் போய்விடுவீர்கள். உள்பக்கம் பலகை இருந்தால் சூடு சுவரின் கனத்துக்குள் போகாமல் காற்றிலேயே நிற்கும், சீக்கிரம் இதமாகிவிடும். நிற்கும் இடத்தில் தடிமனான ரப்பர் பாய் விரித்தால் காலுக்கும் சரி.

இதன் விலை என்னவென்றால், பிளாக் இப்போது குளிரின் பக்கம் தள்ளப்படுகிறது. முன்பு உள்ளேயிருந்து கசிந்த சூட்டில் ஓரளவு காய்ந்துகொண்டிருந்த சுவர் இனி ஈரமாகவும் குளிராகவும் இருக்கும். ஓதம் ஏற்கெனவே ஏறுகிற சுவர், வெண்மையாக உப்புப் பூத்த சுவர் என்றால் வெளியே வடிகாலையும் கூரைத் தண்ணீர் போகும் வழியையும் சரிசெய்யாமல் உள்ளே ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ஒட்டும் முறையில் நான் கறாராக இருப்பேன். பலகை பிளாக்கோடு நேராக ஒட்டியிருக்க வேண்டும், பின்னால் காற்று ஓடும் சந்து இருந்தால் உள்ளேயிருக்கும் ஈரக்காற்று அங்கே போய்க் குளிர்ந்த பிளாக்கில் நீராகப் படியும். மூட்டுகளுக்கு டேப், மேலும் கீழும் ஃபோம் சீலண்ட். பசை, பூச்சு எல்லாம் பாலிஸ்டைரினுக்கு (ஃபோம் பலகை செய்த பிளாஸ்டிக்) ஒத்துப்போகிறதா என்று டப்பாவில் படித்துவிட்டு வாங்குங்கள். கரைப்பான் கலந்த பசையும் தார்ப் பூச்சும் பலகையையே கரைத்துவிடும். மரச்சட்டம் அடித்து அதற்கு நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சைத் திணித்து, மேலே பாலித்தீன் விரித்து மூடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிளாக் சுவரில் அதைச் செய்யாதீர்கள். பஞ்சு காற்றைத் தடுக்காது, ஈரம் உள்ளே புகுந்துவிடும், பாலித்தீன் அதை வெளியே விடாது, அப்புறம் பூஞ்சையும் மக்கிய மரமும்தான் மிச்சம்.

ஃபோம் எரியும், எரிந்தால் கரும்புகை கக்கும். காரும் பெட்ரோலும் வெல்டிங்கும் உள்ள இடத்தில் அதைத் திறந்து விடுவது பெரிய ஆபத்து. அரை அங்குல ஜிப்சம் போர்டாவது மேலே வேண்டும், பல இடங்களில் விதியும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் ஜிப்சத்தைத் தரை வரை இறக்காதீர்கள். குளிர்காலத்தில் கார் கொண்டுவரும் பனியும் உப்புத்தண்ணீரும் தரையில் ஓடும், ஜிப்சமும் மரமும் அதை உறிஞ்சி மேலே ஏற்றும். ஃபோம் தரை வரை போகலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. அடியில் ஒரு பிளாக் உயரத்துக்குச் சிமெண்ட் போர்டு, அதற்கு மேல் ஜிப்சம் என்று பிரித்தால் போதும்.

ஸ்ப்ரே ஃபோம் பற்றியும் கேட்பீர்கள். கெட்டி வகை அங்குலத்துக்கு ஆர் 6-க்கு மேல் தரும், மேடுபள்ளமான பழைய சுவரில் சந்து பொந்து இல்லாமல் ஒட்டும். சுவர் ரொம்பக் கோணலாக இருந்தால் அது நல்ல வழி. நேரான சுவருக்கு அத்தனை செலவு எதற்கு என்பது என் எண்ணம்.

தளத்துக்கு அடியில்: வேண்டுமா, வேண்டாமா?

சூடாக்கவே போவதில்லை என்றால் தளம் முழுக்க ஃபோம் விரிக்க வேண்டாம். கேட்கச் சற்று விசித்திரமாக இருக்கும், ஆனால் யோசித்துப் பாருங்கள். சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியே நிற்கும். வெளியே மைனஸில் இருக்கும்போது அது பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல்தான். சூடாக்காத கேரேஜுக்குக் கிடைக்கும் ஒரே இலவச அடுப்பு அந்த மண். அதற்கும் கேரேஜுக்கும் நடுவே ஃபோம் போட்டால் நாமே அடுப்பை மூடியது போலாகிவிடும். சுற்றிலும் ஓரத்தை மட்டும் மூடிவிட்டு நடுவைத் திறந்து விட்டால் தண்ணீர்க் குழாயும் பெயிண்ட் டப்பாவும் உறையாமல் தப்பிக்கவாவது வாய்ப்பு உண்டு.

தொடர்ந்து சூடாக்கும் கேரேஜுக்குத் தளத்தடியில் ஆர் 10 போடுவேன். தரைக்குள் சுடுநீர்க் குழாய் ஓடப் போகிறது என்றால் இது விவாதத்துக்கு இடமே இல்லாத விஷயம். தரையே அங்கு சூடான பக்கம், அடியில் தடுப்பு இல்லாவிட்டால் கொடுக்கும் சூட்டில் நல்ல பங்கு மண்ணுக்குப் போய்விடும். இப்போது பாய்லர் வாங்கக் காசில்லை, பிறகு பார்க்கலாம் என்றால்கூட ஃபோமையும் சுடுநீர் ஓடும் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயையும் இப்போதே போட்டு நுனியை அடைத்து வையுங்கள்.

கார் ஏறினால் ஃபோம் நசுங்காதா என்பது எல்லோருக்கும் வரும் பயம். 2 டன் கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு அரை டன். டயர் தரையில் பதியும் இடம் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றுப் பெரிது, ஆனால் 4 அங்குலக் கான்கிரீட் அந்தச் சுமையை எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். 45 டிகிரியில் பரவுகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஃபோம் மேல் விழுவது சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவுதான். ஃபோமில் எழுதியிருக்கும் அழுத்தத் திறன் பொதுவாக 10 சதவீதம் நசுங்கும் நிலையில் அளந்தது. நிரந்தரச் சுமைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்புவது வழக்கம். 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பலகையில் அது 5, கொஞ்சம் இறுக்கம். 25 பி.எஸ்.ஐ. பலகையில் 8-க்கு மேல், கார் நிறுத்த அது போதும். 40, 60 என்று வாங்குவது வீண். காரைத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட் வைப்பவர்கள் மட்டும் வேறு கணக்கு. தூண் நிற்கும் இடத்தில் தளம் எவ்வளவு தடிமன் வேண்டும், போல்ட் எவ்வளவு ஆழம் போகும் என்று லிஃப்டின் கையேட்டில் பார்த்து, அந்த இடத்தில் கான்கிரீட்டை ஆழப்படுத்துங்கள்.

அடுக்கு வரிசை: மண்ணைத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்தி, 10 செ.மீ. ஜல்லி, அதன் மேல் ஃபோம், ஃபோம் மேல் பாலித்தீன் விரிப்பு, பிறகு கம்பி வலை, கான்கிரீட். பாலித்தீன் 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது குறைந்தபட்சம், 10 மில் என்றால் வேலையாட்கள் மிதித்தாலும் கிழியாது. அதைக் கான்கிரீட்டுக்கு நேரே அடியில் போடுங்கள், நடுவே மணல் வேண்டாம், மணல் தண்ணீரைத் தேக்கி வைத்துக் காலத்துக்கும் மேலே அனுப்பும். பாலித்தீன் மேல் விழும் கான்கிரீட்டின் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் மேலே மட்டும் வரும் என்பதால் தளத்தின் ஓரங்கள் சுருண்டு எழும்ப வாய்ப்பு உண்டு. கலவையில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள், பிறகு நன்றாக ஈரம் காட்டிக் காய விடுங்கள். வேலை செய்பவர்கள் முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பளபளக்கும் குமிழி விரிப்பை வாங்கித் தளத்தடியில் போட்டுவிடாதீர்கள். அந்த அலுமினியப் பளபளப்பு வேலை செய்ய எதிரே காற்று இடைவெளி வேண்டும், கான்கிரீட்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும்போது அது ஆர் 1 அளவுதான் தரும்.

ஓரமும் வாசலும்

இங்கேதான் பெரும்பாலான கேரேஜ்கள் கோட்டை விடுகின்றன. அடியில் 2 அங்குல ஃபோம் விரித்துவிட்டு, தளத்தின் ஓரம் நேராகக் குளிர்ந்த பிளாக்கில் முட்டி நிற்கும்படி கான்கிரீட்டை ஊற்றிவிடுவார்கள். சுற்றிலும் இருக்கும் அந்த 4 அங்குல உயரப் பட்டை வழியே சூடு ஓடிக்கொண்டே இருக்கும், சுவரோரத் தரை எப்போதும் சில்லென்றும் ஈரமாகவும் இருக்கும். தளத்துக்கும் பிளாக்குக்கும் நடுவே நிமிர்த்திய பலகை ஒன்று கட்டாயம். அதன் மேல் நுனியை 45 டிகிரியில் சீவிவிட்டால் கான்கிரீட் சுவர் வரை வந்து மூடிக்கொள்ளும், மேலே ஃபோம் தெரியாது. தளம் சற்று இறங்கினாலும் சுவரை இழுக்காமல் தனியாக இறங்க இந்தச் சந்து உதவும் என்பது கூடுதல் பலன். வெளிப்பக்கம் முழுக்க நல்ல இன்சுலேஷன் இருந்தால் உள்ளோரத்தில் ஓர் அங்குலம் போதும். வெளியே எதுவும் இல்லையென்றால் இரண்டு.

பெரிய கதவின் வாசல் இன்னும் கஷ்டம். உள்தளமும் வெளியே கார் ஏறி வரும் தளமும் ஒரே கான்கிரீட்டாக ஓடினால் வெளிக்குளிர் நேராக உள்ளே நடந்து வரும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, நடுவே ஃபோம் பட்டை வைத்து, மேலே ஓர் அங்குலம் விட்டுச் சீலண்டால் மூடுங்கள். அந்தப் பிளவு கதவின் ரப்பர் உட்காரும் கோட்டுக்கு நேரே அடியில் வர வேண்டும், ஒரு சாண் உள்ளே தள்ளிப்போனால் பாதிப் பயன் போய்விடும். சக்கரம் ஏறி இறங்கும் இடம் என்பதால் ஓரம் உடையாமல் இருக்க இரும்புக் கோண விளிம்பு வைப்பவர்களும் உண்டு. தளம் கதவுப் பக்கம் அடிக்குக் கால் அங்குலம் வரை வாட்டம் கொண்டிருக்கட்டும், உருகும் பனி தானாக வெளியே ஓடும். உப்பு படும் தளம் என்று சொல்லிக் காற்றுக் குமிழி சேர்த்த கான்கிரீட் கேளுங்கள்.

கடைசியாக, எந்த ஃபோம்?

எக்ஸ்.பி.எஸ். அங்குலத்துக்கு ஆர் 5. இ.பி.எஸ்., அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த தெர்மாகோலின் அடர்த்தியான உறவு, ஆர் 4-ஐ ஒட்டி. பாலிஐசோ என்ற இன்னொரு வகை ஃபோம் காகிதத்தில் 6-க்கு மேல், ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் குறையும், ஈரத்தையும் குடிக்கும், ஆகவே மண்ணுக்கடியில் அதற்கு இடமில்லை, தரைக்கு மேல் உள்சுவரில் மட்டும் சரி.

எக்ஸ்.பி.எஸ்ஸா இ.பி.எஸ்ஸா என்று அடித்துக்கொள்ளும் விவாதத்தில் நான் இ.பி.எஸ். பக்கம். எக்ஸ்.பி.எஸ்ஸின் குமிழிக்குள் அடைத்த வாயு மெல்ல மெல்லக் கசிய, அதன் மதிப்பு காலப்போக்கில் கொஞ்சம் இறங்கும். இ.பி.எஸ்ஸில் இருப்பது வெறும் காற்று, மதிப்பு அப்படியே நிற்கும். பல வருடங்களாக எக்ஸ்.பி.எஸ். செய்யப் பயன்பட்ட எச்.எஃப்.சி. 134ஏ என்ற வாயு, கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. பாதிப்பு குறைந்த வாயுவில் செய்த பலகைகளும் இப்போது வருகின்றன, கேட்டு வாங்குங்கள். ஈரத்தைத் தடுப்பதில் எக்ஸ்.பி.எஸ்ஸுக்கு முன்னிலை உண்டு என்பதை மறுக்கவில்லை. நீர் தேங்கும் களிமண்ணில், வடிகால் சந்தேகமான இடத்தில் அதையே போடுங்கள். ஜல்லிப் படுகையும் பாலித்தீனும் உள்ள தளத்தடியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 25 பி.எஸ்.ஐ. இ.பி.எஸ்ஸை இரண்டரை அங்குலம் போட்டால் அதே ஆர் 10 கிடைத்துவிடும். இரண்டு அடுக்காகப் போட்டு மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி அடுக்கினால் இன்னும் நல்லது.

பழைய தளம் இருப்பவர்களுக்கு அடியில் போடும் வழி போய்விட்டது. மேலே 2 அங்குல ஃபோமும் புதுக் கான்கிரீட்டும் போடலாம், ஆனால் தரை ஆறு அங்குலம் உயரும். கதவு, படிக்கட்டு, மரச்சட்டத்தின் அடிப்பாகம் எல்லாமே இடிக்கும். கார் வராத பட்டறை என்றால் ஃபோம் மேல் பிளைவுட் போதும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் தளத்தை விட்டுவிட்டு, வெளியே 60 செ.மீ. தோண்டி ஓரத்தை மூடும் வேலையில் அந்தக் காசைப் போடுங்கள்.

புதுத்தளம் போடுகிறவர்கள் கான்கிரீட் லாரி வருவதற்கு முந்தைய நாள் ஒருமுறை சுற்றி வாருங்கள். காற்றில் ஃபோம் நகர்ந்திருக்கிறதா, ஓரப் பலகைகளில் சந்து இருக்கிறதா, பாலித்தீன் கிழிந்திருந்தால் டேப் ஒட்டியாகிவிட்டதா, பெக்ஸ் குழாயில் ஏற்றிய அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் விழும்போதும் அந்த அழுத்தத்தை இறக்க வேண்டாம், குழாயில் ஆணியோ மண்வெட்டியோ பட்டால் அப்போதே தெரிந்துவிடும். குழாய்களைச் சுவரிலிருந்து டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நாளை லிஃப்டுக்கோ பணிமேசைக்கோ தரையில் துளை போடும்போது எங்கே போடக் கூடாது என்பது அந்தப் படத்தில்தான் இருக்கும்.